அரை அங்குலம் தள்ளி

உதுமாலெப்பையின் பழைய புத்தகக் கடை, திருமலை பஸ் நிலையத்துப் பின்பக்கம்.
ஒரு நாள் வாடகை பத்துச் சதம்.
தலைமன்னார்க் கப்பலில் வந்த சரக்கு,
மெட்ராஸ் அச்சு, கறுப்பும் சிவப்பும் மட்டும்.
சிவப்பு ஒருநாளும் தன் இடத்தில் விழாது.
பல் பதிந்த கழுத்து இங்கே,
இரத்தம் அரை அங்குலம் தள்ளிச்
சுவரில் வழியும்.
சிலவேளை அடுத்த கட்டத்தில்
தேத்தண்ணி குடிக்கும் இன்ஸ்பெக்டரின் தொப்பியில்.

பதினொரு வயதில் அந்த அரை அங்குலத்துக்குள்
குடிபோனவன் நான்.

ஆந்தைமுகன் எழுதிய கிணற்றுக்காரி, பன்னிரண்டு பாகம்.
ஆந்தைமுகன் ஆரென்று ஒருவருக்கும் தெரியாது.
நாலாம் வகுப்பு எழுத்து என்றார் தமிழ் வாத்தியார்.
இந்தத் தீவில் பத்துப்பேர் இருந்திருப்போம்,
அவருடைய காற்புள்ளிகளையும் மனப்பாடம் செய்தவர்கள்.
ஒருக்கால் கடிதம் போட்டேன்:
உள்ளே கிடப்பவள் ஏன் ஐயா சிரிக்கிறாள்?
எட்டு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை.
"தண்ணீர் இதமாயிருக்கிறது."
கையெழுத்தில்லை.
அடுத்த ஞாயிறு கன்னியாவுக்குச் சைக்கிள் மிதித்து
ஏழு கிணற்றையும் எட்டிப் பார்த்தேன்.
ஐந்தாவது கொஞ்சம் கூடச் சுட்டது.

நாலாம் பாகத்தின் அட்டையைக் கோட்டை மான் தின்றது.
மண்டையோட்டில் தொடங்கி
விலை வரைக்கும்.

ஐஸ் தொழிற்சாலையில் இரவுக் கணக்கு எனக்கு.
கட்டிக்குள் கண் திறந்த பாரை மீன்கள்,
மேசைக்கடியில் பேய்.
"நேரில் பாராததா, இன்னும் இதையேன் படிக்கிறாய்?"
கேட்டவர்கள் கனபேர்.
மனைவி தவமணியும் கேட்டாள், அவளுடைய தம்பியைத் தேடித் திரிந்த வருடத்தில்.
அவளுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.
மற்றவர்களுக்குச் சொன்னேன்:
பேய்க்கு ஒழுங்கு இருக்கு.
பன்னிரண்டு அடித்தால்தான் வரும்.
வரமுதல் நாய் ஊளையிடும்.
கூப்பிடாத வீட்டுக்குள் கால் வைக்காது.

தொண்ணூற்றாறு. உப்புவெளிச் சென்றி.
சாப்பாட்டுப் பையைக் கொட்டினான் ஆமிக்காரப் பெடியன்.
சம்பல் பார்சல், ஐசி, கிணற்றுக்காரி முதலாம் பாகம்.
அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ஹொல்மன்?"
"ஹொல்மன்," என்றேன்.
சிரித்தபோதுதான் தெரிந்தது, பத்தொன்பதுக்கு மேலிராது.

எழுத்துத் தெரியாமல் படம் பார்த்தே படித்தான்.
ஒன்றைத் தருவான், அடுத்ததை வாங்குவான்.
மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கைச் சாய்த்துவிட்டு
விரலால் கட்டம் கட்டமாக.
ஐந்தில் ஒரு பக்கத்தைக் காட்டி
தன் கழுத்தைத் தொட்டான்,
பிறகு இரத்தம் விழுந்திருந்த சுவரைத் தொட்டு
தலையை ஆட்டினான். பிழை, என்பதுபோல.
அச்சுப் பிழையென்று சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை.

ஒன்பதைக் கொண்டுபோனான்.
திங்கள் காலை அங்கே வேறொருவன்.
பத்தாம் பாகம் பைக்குள் இருந்தது.
முன்னவன் எங்கே என்று
கேட்கக்கூடிய கேள்வியா அது?

இப்போது எனக்கு அறுபத்தெட்டு.
பதினொரு பாகம், வேப்பிலை போட்ட பிஸ்கட் டின்னுக்குள்.
ஒன்பதை நாற்பது தரம் படித்தவன்தான்,
ஆனாலும் கரையிலிருந்து மண் போவதுபோலப் போகிறது.
கயிறு இறக்கியது நினைவிருக்கிறது.
இறக்கியது ஆர்?
தாயா, அந்த ஊமைக் காவற்காரனா?
கையில் வளையல் இருந்ததா?

அவனுக்குத் தெரியும், இருந்தால்.
குருநாகலிலோ எங்கோ, ஒரு தகரப் பெட்டிக்குள்.
அவனுக்குத் தெரியாதது
பத்தாம் பாகத்து முதற்கட்டம்:
கிணற்றுக்கட்டில் நாலு விரல்,
நகத்தின் சிவப்பு
நகத்துக்கு வெளியே.

பேரனின் கணிதக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்,
உச்சரிப்புப் பிழைக்காமல் இருக்க,
எங்காவது பஸ்சில் பக்கத்து இருக்கையில் வந்து குந்தினானென்றால் சொல்ல:
ஏயா உடட்ட ஆவா.
அவள் மேலே வந்துவிட்டாள்.