கூடக்குறைய

விலையில்லா சைக்கிள்கள் அடுக்கியிருந்த அறை
போன ஜனவரியில் காலியானது.
அதில் எனக்கு நான்கு மேசை, ஒரு கேஸ் அடுப்பு,
வாரம் மூன்று அரைநாள்.
மே மாதம் சம்பளம் இல்லை.
(இதையெல்லாம் கவிதையில் சொல்லக் கூடாதா என்ன.)

அட்டவணையில்
பையன்களுக்கு வடிவமைப்பு, புள்ளைகளுக்குச் சமையல் என்று
நடுவே கோடு இழுத்திருந்தார் தலைமையாசிரியர்.
வெள்ளை மை பதினெட்டு ரூபாய்.
என் காசில்தான் வாங்கினேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, முப்பத்தொரு பேர்,
எல்லோருக்கும் ஒரே வேலை:
சந்தகை அச்சு ஒன்று செய்யுங்கள்,
செய்ததில் பிழிந்து காட்டுங்கள்.

எவர்சில்வர் குழாயைப் பழைய கடையில்
எடை போட்டு வாங்கினோம்.
துளைத்தட்டுக்குக் கவினயா புள்ளி வைத்தாள், கோலம் மாதிரி இல்லை,
ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக நான்கு மில்லி.
வேப்பங்கட்டையில் தண்டு.
முக்காலி பிகாஷ் செய்தது.
ஒடிசாவிலிருந்து இரண்டு வயதில் சின்னவேடம்பட்டிக்கு வந்தவன்,
"சித்தே புடிங்க டீச்சர்" என்று
என்னையே காலைப் பிடிக்கச் சொன்னான்.

வியாழக்கிழமை, ஆறாவது பாடவேளை.
ஆறினால் இறங்காது என்பதை இவர்களுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
சுடச்சுட ஐந்து இட்லி குழாய்க்குள்.
கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினார்கள்.
கீழே ஒன்றும் வரவில்லை.
மேலே,
தண்டைச் சுற்றிக்கொண்டு
பற்பசை நுரைபோல
ஏறி வந்தது மாவு.

மாவு கெட்டி என்றார்கள் மேசைப் பக்கம் நின்றவர்கள்.
தண்டு சின்னது என்றார்கள் அடுப்புப் பக்கம்.
நான் அழித்த கோடு
இங்கே எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள்
இயற்பியல் ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு
வெர்னியர் வாங்கி வந்துவிட்டாள் கவினயா.
குழாய் உள்ளே அறுபது.
தண்டு ஐம்பத்தேழு.
மேசைப் பக்கம் அமைதியானது.

புதுத் தண்டுக்குப் படம் வரைந்தோம்.
59.5 என்று சிவப்பில் எழுதி, அடிக்கோடும் போட்டு
மௌலீஸ் கையில் கொடுத்தனுப்பினேன்.
அவன் அம்மா மைனாவதி
கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்.
மறுநாளே திரும்பி வந்தது படம்,
ஓரத்தில் எண்ணெய் விரல்,
பென்சிலில் ஒரு கேள்வி:

"கூடக்குறைய எவ்வளவு?"

பதினோரு வருஷமாக அளவு எழுதுகிறேன்.
பக்கத்தில் இதற்கென்று
இடம் விட்டதே இல்லை.

கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.
துளிகூட மாறக் கூடாது என்றாள் தீக்‌ஷனா.
அப்படி எந்த மெஷினும் கடையாதுங்க என்றான் மௌலீஸ்.
உப்புக்கும் அம்மா இதைத்தானுங்க சொல்லும் என்று
கடைசி வரிசையில் யாரோ.
செரி, உப்பு குறைந்தால்?
போட்டுக்கலாம்ங்க.
கூடினால்?
போச்சுங்க.
தண்டு?
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ரோட்டில் காந்திபுரம் பஸ் போனது.
தண்டு அப்படியே தலைகீழ் டீச்சர் என்றான் பிகாஷ்,
கூட இருந்தா மறுக்காக் கடையலாம்,
குறைஞ்சா போச்சு.

படத்தில் எழுதினோம்.
கூட: 0.2
குறைய: கிடையாது.

திங்கட்கிழமை தண்டு வந்தது, காகிதத்தில் சுற்றி.
நுழைக்கும்போது உள்ளிருந்த காற்று
சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டது.
கைப்பிடியில் இந்தத் தடவை ஒருத்திதான், அதுவும் தொங்கவில்லை.
தட்டில் வெள்ளை இழை இழையாகச்
சுருண்டு விழ விழ
முப்பத்தொரு பேரும் கீழே குனிந்து பார்த்த பார்வையை
எந்தப் படிவத்தில் எழுதுவது, தெரியவில்லை;
இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் பட்டியலில் கட்டமே இல்லை.

எலுமிச்சை பிழிந்தது பாதி,
தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் பாதி.
மைனாவதிக்கு ஒரு டப்பா போனது.

டப்பா கழுவித் திரும்பி வந்தது.
உள்ளே சீட்டு, அதே பென்சில்:

"தண்டு 59.6. பாஸ்.
உப்பு, குறைய."