ஏழு

பதினோரு வருடம் அவனோடு
எண்களில்தான் பேசினேன்.
பிட் சுவருக்கு வெளியே பலகையை நீட்டுவேன்:
எத்தனையாவது இடம்,
பின்னால் வருபவன் எத்தனை நொடியில்,
மிச்சம் எத்தனை சுற்று.
மணிக்கு இருநூற்றெழுபதில் அவன் கண்
அதில் படும் நேரம்
ஒரு தும்மலில் பாதி.

கெத்தான் வத்ரலோ.
கம்ப்ரே பக்கம் சர்க்கரை ஆலைக்கு
லாரி ஓட்டியவரின் மகன்.
ஒன்பதில் கார்ட் வண்டி, இருபத்தொன்றில் ஃபார்முலா த்ரீ.
கார் மூக்கில் ஒரு சீஸ் கம்பெனியின் சிரிக்கும் ஆடு.
கம்பெனி திவாலானதும் ஆட்டின்மேல்
டயர்க்கடை ஸ்டிக்கர் ஒட்டினோம்.
கொம்பு மட்டும் கடைசிவரை மறையவில்லை.

திஜோனில் அந்த ஞாயிறு மழை.
மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான்.
பெரிய அணியின் ஆள்
ஒப்பந்தத்தோடு வந்து
குடைக்கீழ் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.
கடைசி வளைவில் கார் இரண்டு முறை வாலை வீசியது.
ஈயை ஓட்டுவதுபோல மணிக்கட்டால் திருப்பினான்.
மூன்றாம் முறையை
நான் பார்க்க விரும்பவில்லை.

பின்னால் வந்தவன் இரண்டு நொடியில்.
பெட்டிக்குள் ஈர விரல்கள் துழாவின.
ஏழை எடுத்துச் செருகினேன்.

அவன் காலைத் தளர்த்தினான்.
அதே வளைவில், கடைசிச் சுற்றில்,
ஒரு மஞ்சள் கார் உள்ளே நுழைந்தது.
நான்காம் இடம்.
குடை மடங்கிப் போய்விட்டது.
மழையில் எண் மாறிவிட்டது என்றேன்.
முதலாளி லபேரி என்னைத் திட்டிய சொற்களில்
பாதி எனக்குப் புதிது.

அப்புறம் லெ மான் இரவுகள்.
மூவரில் ஒருவன்;
இன்னொருவன் வேர்வை காயாத இருக்கையில்
அதிகாலை மூன்றுக்கு உட்காருவான்.
அப்புறம் லாரிப் பந்தயம்
(அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்).
ஆல்ப்ஸ் உச்சியில் பனிமேல் இரண்டு குளிர்காலம்.
இப்போது பிறந்தநாள் பரிசுச் சீட்டோடு வருபவர்களைப்
பக்கத்தில் உட்காரவைத்து மூன்று சுற்று.
சிலர் கத்துவார்கள்.
ஒரு பல் டாக்டர் வாந்தி எடுத்தார்.

அக்டோபரில் பார்க்கப் போயிருந்தேன்.
திஜோன், அதே மேடு, அதே காற்று.
காப்பிக்குச் சர்க்கரை கிழித்தபடி சொன்னான்:
"அன்றைக்கு ஏழு போட்டாயே, ஒதீல்."

கோப்பை உதட்டுக்குப் போகாமல் நின்றது.

"கண்ணாடி முழுக்க மஞ்சள்.
எனக்கா தெரியாது?"

பிறகு ஏன் என்று கேட்டேனா,
கேட்க நினைத்தேனா, நினைவில்லை.
பொட்டலத்தை நான்காக மடித்தான்,
எட்டாக மடித்தான்,
அதற்குமேல் மடங்கவில்லை.
"யாராவது ஒருவர்
சொல்ல வேண்டியிருந்தது" என்றான்.

வெளியே அடுத்த வாடிக்கையாளர்
ஹெல்மெட்டைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கெத்தான் எழுந்தான்.
கதவருகே திரும்பி
மூன்று விரல் காட்டினான்.

சுற்றா, இடமா,
நான் கேட்கவில்லை.