இ வரிசை, ஜன்னலோரம்

பதினோரு வருடமாக
ஓடாத ரயிலுக்குள்தான் என் நடை.
டோக்கியோவில் வண்டி வந்து நின்றதும்
ஏழு நிமிடம்.
நூறு இருக்கை, நூறு மேசை,
தலை சாய்த்த துணி நூறு.
எட்டாவது நிமிடம் நான் வெளியே,
வண்டி மேற்கே.

அது எங்கே போகிறதென்று என்னைக் கேட்காதீர்கள்.
எதைத் தின்றுவிட்டு வந்திருக்கிறதென்று கேளுங்கள்.
ஹமமாட்சுவில் ஏறியவரின் மேசையில்
விலாங்கு மீன் வாசனை.
ஒசாகாக்காரர் விட்டுப்போன அட்டைப்பெட்டியில்
பன்றிக்கறிக் கொழுக்கட்டையின் வெங்காயம்,
துடைத்த பிறகும் போகாது.
கியோத்தோ மட்டும் சுத்தமாகச் சாப்பிடும்:
ஒரே ஒரு மூங்கில் இலை,
நாலாக மடித்தது.
எச்சில் இலையிலேயே
பாதி நாட்டைச் சுற்றிவிட்டேன்.

மே மாதம் நாலு நாள் விடுப்பு.
கனாயேவும் நானும் உட்கார்ந்து
பணிநேரத் தாளின் முதுகில் திட்டம் போட்டோம்.
நொசோமியில் போ என்றாள், இரண்டேகால் மணி நேரம்.
கொதாமா என்றேன்.
நொசோமி என்றால் நம்பிக்கை.
கொதாமா வெறும் எதிரொலி;
எல்லா ஊரிலும் நிற்கும்,
பின்னால் வரும் வேகக்காரர்களுக்கு வழிவிட்டு
நின்றபடியே இருக்கும்.
"நாலு மணி நேரமா? பைத்தியமா உனக்கு?"
நிற்கிற வண்டிதானே எனக்குப் பழக்கம், கனாயே.

பிறகு சாப்பாட்டுச் சண்டை.
நகோயா நடைமேடையில் நின்றுகொண்டே
தட்டை நூடுல்ஸ், சூடாக.
ஹிரோஷிமாவில் முட்டைகோஸ் அடுக்கிய அடை,
இரும்புக் கல்லிலிருந்து நேராக வாய்க்கு.
எழுதினோம். பணத்தை எண்ணினோம்.
ஹிரோஷிமாவை அடித்தோம்.
அவள் கழிப்பறைக்குப் போன நேரத்தில்
மறுபடி எழுதினேன்.

கோயில் ஒன்று போதும்.
ஆயிரத்தொரு கன்னோன்
அணிவகுத்து நிற்கிற நீள மண்டபம்.
அத்தனை முகங்களில்
நாம் பார்க்க ஏங்கும் முகம் ஒன்று இருக்குமாம்.
"என் புருஷன் முகம் இருந்தால்
என்னிடம் சொல்லாதே" என்றாள் கனாயே.
எனக்கு யாரையும் தேட வேண்டாம்.
ஆயிரத்தொரு சிலையை யார் துடைக்கிறார்கள்,
எந்த முனையில் தொடங்குகிறார்கள்,
எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள்,
அது தெரிந்தால் போதும்.

போன இலையுதிர்காலத்தில், ஏழாம் பெட்டியில்,
கோயில் முத்திரைப் புத்தகம் ஒன்று கிடைத்தது.
பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு முத்திரை,
மேலே கறுப்பு மையில் யாரோ ஒரு துறவியின் கை.
கடைசிப் பக்கம் மட்டும் வெறுமை.
தொலைந்த பொருள் அலுவலகத்தில் கொடுத்து
ரசீது வாங்கிக்கொண்டேன்.
நடுவில் மூன்று நொடி புரட்டினேன்,
அதற்கு ரசீது இல்லை.
சென்ற சனிக்கிழமை
அதேபோல் ஒன்று வாங்கினேன், எல்லாப் பக்கமும் வெறுமை.
இப்போதைக்கு
உள்ளே மளிகைச் சீட்டு இருக்கிறது.

டிக்கெட் எடுத்தாயிற்று.
இ வரிசை, ஜன்னலோரம்; ஃபூஜி வரும் பக்கம்.
அந்தக் கண்ணாடியில்
நெற்றிகள் ஒட்டிய எண்ணெய்த் தடம்
எத்தனை துடைத்திருப்பேன்!
மலை தெரியாத நாளில்
கண்ணாடி சுத்தமாகத் திரும்பி வரும்.
இப்படித்தான் எனக்கு வானிலை தெரியும்.

எல்லாம் சரி, ஒன்றுதான் இடிக்கிறது.
செவ்வாய்க்கிழமை காலை, பதினாறாம் நடைமேடை.
வண்டி உள்ளே நுழையும்போது
எங்கள் ஆட்கள் வரிசையாய் நின்று குனிவார்கள்,
கனாயே மூன்றாவதாக.
மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நான்,
புதுச் சப்பாத்து, கையில் சோற்றுப் பெட்டி.
குனிந்தால் சிரிப்பார்கள்.
குனியாதே என்று
இடுப்பிடம் எப்படிச் சொல்வது?