தக்க உதாரணத்துடன் விளக்குக

பதினொன்று, அ. டெட்லாக் என்றால் என்ன?
தக்க உதாரணத்துடன் விளக்குக. பதின்மூன்று மதிப்பெண்.

திருத்துகிற ஐயா அவர்களுக்கு,
புத்தகத்தில் ஐந்து ஞானிகள்
வட்டமேசையில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
அவர்களை எனக்குப் பழக்கமில்லை.
எங்கள் கண்டனூர் வீட்டை எழுதுகிறேன்.

முகப்பு தாண்டினால் வளவு.
வளவைச் சுற்றி எட்டு அறை, எட்டுப் புள்ளி.
கல்யாணம் ஆனதும் மகனை வேறு வைப்பார்கள்:
அதே கூரை,
தனி உலை, தனி அரிசி, தனிக் கணக்கு.
ஒரு பிராசஸ் இன்னொரு பிராசஸைப் பெறுவது இப்படித்தான்.
பிறந்ததற்கு ஒரு நம்பர் உண்டு, சொந்தச் சாவி உண்டு.
அடுத்த அறை அலமாரியில் கை வைத்தால்
அந்த நிமிஷமே அதன் ஆயுள் முடிந்தது.
எங்கள் வீட்டில் ஆயுள் முடிவதில்லை.
பேச்சு மட்டும் நின்றுபோகும்.

கெர்னல் என்பது வயிரவன்.
மோட்டார் பெட்டியை அவர் ஒருவர்தான் திறப்பார்.
யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும்
அவரிடம் போய்க் கேட்கவேண்டும், தானாகச் சுவிட்சைத் தொடக்கூடாது.
அறைக்குப் பத்து நிமிஷம்.
வாளி பாதியில் நின்றாலும் குழாய் அடுத்த அறைக்குத் திரும்பிவிடும்.
யார் வாளி எந்த மட்டத்தில் நின்றது என்று
பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வார்.
அடுத்த சுற்று அந்த மட்டத்திலிருந்து தொடங்கும்.
எட்டுப் புள்ளியும் நம்புகிறது
மோட்டார் தனக்கே ஓடுகிறது என்று.
இதுவரைக்கும் மூன்று மதிப்பெண் தரலாம்.

இனி டெட்லாக்.

ஐப்பசியில் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது.
சாத்தப்பன் பெரியப்பச்சி கட்டிலுக்கு மேலே ஒன்று.
தண்ணீர்மலைச் சித்தப்பா பீரோவுக்கு மேலே ஒன்று.
ஏணி அறைச் சாவி பெரியப்பச்சி இடுப்பில்.
மாற்று ஓடு அடுக்கிய அறைச் சாவி சித்தப்பா சட்டைப்பையில்.
ஏணி ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம்.
கையில் இருப்பதை விடாமலே மற்றதைக் கேட்கிறார்கள்.
பிடுங்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, வயிரவனுக்குக்கூட.
இவர் அவருக்காக, அவர் இவருக்காக.
நாலு நிபந்தனையும் கூடிவிட்டன, ஐயா.

வெளியிலிருந்து பார்த்தால் வேலை நடப்பதுபோலவே இருக்கும்.
இரண்டு பேரும் ஆளுக்கொரு பித்தளை அண்டா வைத்து
ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து
நிறைந்ததை வளவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

தீர்வுகள்.
சாவிகளுக்கு நம்பர் போட்டு
சிறிய நம்பரை முதலில் வாங்கவேண்டும் என விதிக்கலாம்.
எங்கள் வீட்டில்
ஒன்றாம் நம்பர் யார் சாவிக்கு என்பதில் இன்னொரு டெட்லாக் வரும்.
ஒரு பிராசஸைக் கொன்றுவிடலாம் என்றும் இருக்கிறது.
எழுதுவதற்கு எளிது.
நெருப்புக்கோழி முறை என்றும் ஒன்று:
கண்ணை மூடிக்கொண்டு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது.
பல சிஸ்டங்கள் இதைத்தான் செய்கின்றன.
எங்கள் அப்பச்சியும்.
“மழை விட்டுரும்” என்கிறார், பதினெட்டு நாளாக.

கடைசி முறை, பறித்தல்.
யாரிடம் பறித்தால் நஷ்டம் குறைவு என்று முதலில் கணக்கிட வேண்டும்.
பெரியப்பச்சி கோபம் மூன்று வருஷம் இருக்கும்.
சித்தப்பா கோபம் மூன்று நாள்,
அதிலும் ஒரு நாள் அவர் காரைக்குடி போய்விடுவார்.
நேற்று ராத்திரி இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்,
ணங், ணங் என்று அண்டா.
நிமிர்ந்தால் பட்டாசாலைக் கொடியில்
சித்தப்பாவின் சட்டை காய்கிறது.
பை லேசாகத் தொங்கியது, சாவியின் கனத்தில்.
நான் எழுந்து

மணி அடித்துவிட்டது.
கூடுதல் தாள் மேடம் கையில், கட்டும் நூல் என் கையில்.
அவரும் இழுக்கிறார், நானும் இழுக்கிறேன்.
நான் விடுகிறேன், ஐயா.
கண்டனூருக்கு நாலரை பஸ்.

விட்ட இடத்தில் தொடரக் குறிப்பு:
கொடி, நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது பை