மூன்று விநாடி

பல்கலைக்கழகத்தில் என் நிரலுக்குப்
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
நூலகம் ஒன்று, புத்தகம் ஐந்து, உறுப்பினர் மூன்று பேர்.
எல்லோருக்கும் பெயர் இருந்தது,
எவரும் பிப்ரவரி முப்பதில் பிறக்கவில்லை,
எண் கேட்டால் எண்ணே தந்தார்கள்.
ஒருமுறை ஓடியது. பேராசிரியர் தலையசைத்தார்.
அன்று மாலையே செத்தும் போனது.
யாரும் அழவில்லை.

இங்கே மொண்டெவிடியோவில்,
ரத்த வங்கியின் நான்காம் மாடியில்,
நான் வேலைக்கு வந்தபோதே நிரலுக்கு வயது பதினொன்று.
நாங்கள் தூங்கும்போதும் ஓடுகிறது,
கால்பந்து பார்க்கும்போதும்.

முதல் மாதமே தெரிந்தது
பெயரில்லாமலும் ஆட்கள் வருவார்கள் என்று.
பிறந்து இருபது நிமிடம் ஆனவளுக்கு
ரத்தம் வேண்டும். கட்டம் காலி.
"பெயர் கட்டாயம்" என்று சிவப்பில் கத்துகிறது
நான் எழுதிய வரி.
யாரோ ஒரு செவிலி ஒரு புள்ளியைத் தட்டி உள்ளே நுழைந்தாள்.
இரண்டு நாள் எங்கள் பதிவேட்டில்
அந்தக் குழந்தை வெறும் புள்ளி.

என் ஒன்பது வரிக்கு
எல்பியோ இருபத்திரண்டு கேள்வி கேட்டான்,
கக்கத்தில் மாத்தே ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டே.
"அ2 என்றால் யார்?"
போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்டில், தென்கிழக்குக் காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்கிய ஒரு வெள்ளிக்கிழமை
நிரலைக் கூட்டிப் பெருக்க உட்கார்ந்தேன்.
கூட்டலும் பெருக்கலும்தானே, அதற்குத்தானே பட்டம்.
ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்த வரிகளை
ஓரிடத்தில் சேர்த்தேன்.
யாரும் கூப்பிடாமல் கிடந்தவற்றை
அள்ளி வெளியே போட்டேன்.
அப்புறம் இது:

மருத்துவமனை எண் பதினாலு என்றால்
மூன்று விநாடி சும்மா இரு.

காரணம் எழுதவில்லை. கையெழுத்து இல்லை.
வகுப்பில் இதற்கு மதிப்பெண்ணை வெட்டுவார்கள்.
நான் வரியை வெட்டினேன்.
எல்லாச் சோதனையும் பச்சை.

பதினாலு என்பது பைசாந்து.
ஆற்றங்கரை ஊர், பஸ்ஸில் போனால் பாதி நாள்.
அங்கே ஒரு லேபிள் அச்சுப்பொறி,
மாடியேறியவன் போல மூச்சு வாங்கும்.
அதற்கு மூன்று விநாடி தராவிட்டால்
முந்தின பையின் எண்ணையே
அடுத்த பைக்கும் அடிக்கும்.

கண்டுபிடித்தது சோதனை இல்லை.
இரவுப் பணியில் இருந்த மிர்த்தா உமாரான்.
அச்சுப்பொறியின் வயரைப் பிடுங்கிவிட்டு
நாற்பத்தொரு பைக்கும்
மார்க்கரால், தன் கையால், எண் எழுதியிருக்கிறாள்.
ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்து.
விடிந்ததும் போன் செய்தாள். திட்டவில்லை.
"அந்த இடைவெளியை எடுத்துட்டீங்களா?"
என்றுதான் கேட்டாள்.

நிரலை ஒருநாளும் பார்த்திராதவள்
அந்த ஒரு வரியைக்
காதால் அறிந்திருக்கிறாள்.

திரும்ப வைத்தேன்.
அதே அசிங்கம், அதே இடம்.
தலைக்கு மேல் இதை எழுதினேன்:
பைசாந்து அச்சுப்பொறி மூச்சு விட நேரம்.
எடுக்க நினைப்பவர் முதலில் மிர்த்தாவைக் கேட்கவும்.
இரவில்தான் இருப்பார்.
கீழே என் பெயர், தேதி.
அந்தக் கிழட்டு இயந்திரம் போலவே நடித்து,
அவசரப்படுத்தினால் சிவக்கும்
ஒரு சோதனையும்.

எல்பியோ இம்முறை ஒன்றுதான் கேட்டான்:
"அச்சுப்பொறியையே மாற்றிவிட்டால்?"

செப்டம்பரில் மனு போட்டோம்.
இது மார்ச்.
ஒவ்வொரு பைக்கும்
மூன்று விநாடி
சும்மா இருக்கிறோம்.