ஓட்டைக்குத்தான் விலை

கொடி சேகரிக்க வருகிறவனுக்கு
முதலில் இதைச் சொல்வேன்:
துணிக்கு மதிப்பில்லை, ஓட்டைக்குத்தான்.
நீலம், மஞ்சள், சிவப்பு, நடுவில்
ஒரு தலை நுழையுமளவு வானம்.
எண்பத்தொன்பது டிசம்பரில், இதே திமிஷ்வாராவில்,
சின்னத்தை அறுத்தெடுத்த கொடிகள்
என்னிடம் பதினொன்று.

மற்றவையும் உண்டு.
சுத்தியலும் கவராயமும் போட்ட கிழக்கு ஜெர்மனி
(எர்ஃபர்ட் ரயிலில் ஒருவன்
அதில் சாக்ஸபோனைச் சுற்றி வைத்திருந்தான்),
பூச்சி தின்றது போக மிஞ்சிய பல்கேரியச் சிங்கம்,
முன்பக்கம் மட்டும் அரிவாள் வைத்து
பின்பக்கத்தை வெறும் சிவப்பாய் விட்ட லாத்வியா,
அடியில் அதன் நீல அலைகள்.
என் மனைவி ஸ்மரந்தா அந்த அறையை அரசாங்கம் என்பாள்.
"உன் அரசாங்கத்தில் பாச்சா உருண்டை நெடி தாங்கவில்லை."

போலிகள் ஏராளம்.
பேகா கால்வாய்க்கரைச் சந்தையில்
சூப்புத் தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் வரைந்து
நேற்று வெட்டிய வட்டங்களை
யூரோ கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.
நிஜ ஓட்டை வட்டமாயிராது.
ரொட்டிக் கத்தி, தையல் கத்தரி, பல்,
குளிரில் விறைத்த விரல்.
கோதுமைக் கதிர் ஒன்று ஓரத்தில் தப்பியிருக்கும்.
நூல் பிரிந்திருக்கும் தூரத்தில்
எனக்கு வருடம் தெரியும்.

வெத்தூரியா ஃபோன் செய்தபோது
பன்னிரண்டாவது என்று ஓடினேன்.
நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
விரித்தாள்.
ஓட்டை இல்லை.
மலை, காடு, எண்ணெய்க் கிணறு, உதிக்கிற சூரியன்
எல்லாம் அப்படியே, அசிங்கமாய், முழுசாய்.

"அந்த வாரம் அது துவைக்கப் போட்டிருந்தது."
கட்டடத்தின் கொடியைத் துவைப்பது அவள் பொறுப்பு.
துணி காயும் கொடியில் அந்தக் கொடி
பனியில் உறைந்து கதவுப் பலகையாய் நின்றதாம்.
மகன் இழுத்துப் பார்த்தான்,
கிளிப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
வெறுங்கையோடு சதுக்கத்துக்குப் போனான்.
இப்போது ஆராதில் டயர் கடை வைத்திருக்கிறான்.

"முழுக்கொடி முப்பது லெய் போகும்," என்றேன்,
உண்மையைத்தான்.
"ஓட்டை இருந்தால்?"
"முந்நூறு."
மேசை இழுப்பறையைத் திறந்து
கத்தரியை என் முன் வைத்தாள்.
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
காஸ் பில் கட்டவேண்டிய முகம்.

சொல்லிவிடுகிறேன்: கத்தரியை எடுத்தேன்.
எங்கே கோணவேண்டும், எந்தக் கதிரைத் தப்பவிடவேண்டும்,
எத்தனை இழையைப் பிரித்துத் தேநீரில் தோய்க்கவேண்டும்,
அத்தனையும் தெரியும்.
இந்த ஊரில் என்னைவிட நல்ல போலியை
யாரும் செய்துவிட முடியாது.

காபி பொங்கியது.
எழுந்துபோய் ஒரு தடித்த கரித்துணியால் பிடித்து இறக்கினாள்.
கரித்துணியில் ஒரு சூரியன்.
ஐந்தாறு வட்டங்களை
ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துத் தைத்தது.
அப்போது அவள் நகராட்சியில் தெருக் கூட்டினாள்.
எல்லாம் முடிந்த வாரம், சதுக்கத்தில்,
எரிந்த மெழுகுவர்த்திகளுக்கு நடுவே கிடந்தவை.
"நல்ல பருத்தி, வீணாக்குவானேன்?
ஒன்றில் மட்டும் கறை.
உப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில்
ராத்திரி பூரா ஊறவைத்தேன். போய்விட்டது."

என் பதினொரு ஓட்டைகளில் ஏதோ ஒன்றுக்கு உரியது
கைக்கெட்டும் தூரத்தில்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
கத்தரி இன்னும் என் விரலில் மாட்டியிருந்தது.
ஆயிரம் என்றேன். பிறகு, இரண்டாயிரம்.
"கொடுத்துவிட்டு," என்றாள்,
"நாளைக்குக் காபியை எதால் இறக்க?"

முழுக்கொடியை முந்நூறுக்கே வாங்கி வந்தேன்.
பதினொன்றின் வழியாகவும் சுவர் தெரிகிறது.
இது மட்டும் மறைக்கிறது.
ஸ்மரந்தாவுக்குத் திருப்தி:
அங்கேதான் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.