ஒலிக்காத யூ

ஆம்பூர் கம்பெனி பஸ்.
காலை ஆறே முக்கால், ஜன்னலோரம்,
கைப்பேசித் திரையில் பகார்:
பணம் கட்டுதல்.

கட்டுகிறான் என்றால் பாகா.
கட்டட்டும் என்றால் பாகே.
நடுவில் ஒரு யூ
ஏறி உட்கார்ந்துகொள்கிறது, வாய் திறக்காமல்.
அது இல்லாவிட்டால்
ஜி தொண்டையில் உராய்ந்து
பாஹே ஆகிவிடுமாம்.
எங்கள் கேட்டில் மாசிலாமணியும் இப்படித்தான்,
பேசி யாரும் கேட்டதில்லை,
அவர் லீவு போட்ட அன்றுதான்
ஒரு கட்டுத் தோல் காணாமல் போனது.

புஸ்கார், தேடுதல்:
சி இறங்க, க்யூ ஏறும், கூடவே அதே யூ.
க்ரூதார், கடத்தல்:
இசட்டைக் கழற்றி சி மாட்டும்.
ஒலி மட்டும் அசையாது,
ரயில்வே கேட்டில் நிற்கும் இந்த பஸ் மாதிரி.

எனக்குப் பழகியது வேறு.
கல், தங்கம், அகம்.
ஒரே ககரம்
போன இடத்துப் பேச்சைப் பேசிவிட்டு
உடுத்திய சேலையோடே திரும்பும்.
இவர்கள் சேலை மாற்றுகிறார்கள்,
குரல் மாறிவிடக் கூடாதென்று.

எல்சேவுக்குப் போன
நாலாயிரத்து இருநூறு ஜோடி பழுப்பு லோஃபர்.
கெடு முடிந்து நாற்பத்தொரு நாள்.
இக்னாசியோவின் ஆங்கிலத்தில்
எல்லாப் பணமும் அடுத்த வாரம்.
சரி, அவன் மொழிக்குள்ளேயே போய்க் கேட்போம்
என்று முதல் மெயில் எழுதினேன்.
அரை மணியில் பதில்:
ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்,
'பாகேயில் யூ விட்டுப்போச்சு, மற்றபடி பிரமாதம்.'
பணம் பற்றி
ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை,
எழுதியிருந்தால்தானே.

பக்கத்து சீட் ஷமீனா, பேரணாம்பட்டு,
திரையை எட்டிப் பார்த்தாள்.
"ஓஹலான்னா?"
"ஆசைப்பட்டா முன்னாடி போடறது.
போட்டா வினை தானா மாறிடும்."
ஓஹலா, ஓஹலா,
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தவள்
முக்காட்டைச் சரிசெய்தாள்.
"ஏய், இதுக்குள்ள அல்லா இருக்காருடி."

தேடிப் பார்த்தேன். இருந்தார்.
அரபியிலிருந்து வந்து
அங்கேயே தங்கிவிட்ட சொல்லாம்.
"நம்ம இன்ஷா அல்லாவுக்கு
ஒண்ணுவிட்ட தங்கச்சி," என்றாள்,
கத்தரிக்காய்ப் பச்சடி டப்பாவை
மடியில் இறுக்கிக்கொண்டு.

இரண்டாம் மெயில்:
ஓஹலா பாகே. ஓஹலா யேகே.
கட்டட்டும், வந்து சேரட்டும்.
இரண்டு இடத்திலும் யூ இருக்கிறதா என்று
விரல் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

அக்கவுண்ட்ஸ் செந்தாமரை
தடுப்புக்கு மேல் தலை நீட்டுகிறாள்.
வந்துச்சா?

வந்தது இல்லை.
வரும் என்று சொல்ல நான் யார்.
வரட்டும் என்கிறேன்,
ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.